விராலுக்குப் பாதாளத்தில் ஒரு பங்காளி

கண்ணில்லாத கெளுத்தி, முதுகுத் துடுப்பில்லாத அயிரை, ரத்தச் சிவப்பில் ஆரலின் உறவு என்று கேரளக் கிணறுகளுக்கு அடியில் ஒரு மீன் உலகமே குடியிருக்கிறது. ஆயிரம் அடிக்கு போர் போடும் விழுப்புரமும் திண்டிவனமும் அதைப் பற்றி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

சித்திரையில் ஏரி வற்றத் தொடங்கியதும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சாலையோரங்களில் மீன் வியாபாரம் சூடுபிடித்துவிடும். 'வீடூர் டேம் மீனா, ஏரி மீனா?' என்று முதலில் விசாரணை. பிறகுதான் பேரம். அன்னக்கூடையில் துள்ளும் விரால், மீசையோடு நெளியும் கெளுத்தி, படியில் அளந்து போடும் அயிரை, சாம்பல் போட்டுத் தேய்த்தால்தான் கைக்கு அடங்கும் ஆரல். கடல் பக்கத்திலேயே இருந்தும், குழம்புக்கு இவைதான் உசத்தி என்று சத்தியம் செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர்.

இந்த நான்கு மீன்களுக்கும் பூமிக்கு அடியில் சொந்தபந்தம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கிணறுகளுக்கு நீர் தரும் பாறை இடுக்குகளில் அவை வாழ்கின்றன. சூரியனைப் பார்க்காத மீன்கள். ஆண்டுக்கணக்கில் வெளியே தலைகாட்டாமல் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென வாளியிலோ, மேல்நிலைத் தொட்டியிலோ, குளியலறைக் குழாயிலோ வந்து விழுகின்றன. உலகெங்கும் நிலத்தடியில் வாழ்வதாக அறியப்பட்ட மீன் இனங்கள் சுமார் 300தான். அவற்றிலும் பெரும்பாலானவை குகைகளில் வாழ்பவை. குகையே இல்லாமல், பூமிக்குள் தேங்கிய ஊற்று நீரை மட்டும் நம்பி வாழும் மீன்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

விழுப்புரம் மாவட்டக் கிணறு எதிலிருந்தும் இப்படியொரு மீன் இதுவரை விவரிக்கப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் கேரளத்தில் இந்த மீன்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மழைக்காட்டுப் பயணமோ ஆழ்கடல் கருவியோ அல்ல. கிணற்றில் தண்ணீர் சேந்திய சாதாரண மனிதர்கள்தான். கிணறுகள் நிறைந்த ஒரு மாவட்டத்துக்கு அந்தக் கதையில் வேலை இருக்கிறது.

கெளுத்தியின் குருட்டுச் சொந்தம்

1950ஆம் ஆண்டு, இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மீனியலாளர் ஏ.ஜி.கே.மேனன், கோட்டயத்துக் கிணறு ஒன்றில் கிடைத்த மீனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பெரிதாக வளர்ந்தாலும் 4 செ.மீ.யைச் சுற்றித்தான் இருக்கும். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். உடம்பில் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம் தெரிந்து, மீன் முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும். தோள்துடுப்பு தேய்ந்துபோய் முளை மாதிரி நிற்கிறது. வாயைச் சுற்றி நான்கு ஜோடி நீண்ட மீசைகள். இருட்டில் வழி தேடுவதும் இரை தேடுவதும் அவற்றால்தான். அப்போது அந்த நிறுவனத்தின் இயக்குநராக இருந்த சுந்தர்லால் ஹோராவைக் கௌரவித்து மீனுக்கு ஹோராகிளானிஸ் என்று பெயர் வைத்தார் மேனன். மலையாளிகள் 'குருடன் முஷி' என்கிறார்கள்.

கண் எங்கே போனது? கண்ணும் அதோடு சேர்ந்த மூளைப் பகுதியும் ஓசியில் இயங்குவதில்லை. தின்ற இரையில் கணிசமான பங்கு அவற்றுக்கே போய்விடும். வெளிச்சமே எட்டாத, இரையும் அரிதாகக் கிடைக்கிற இடத்தில் அது தண்டச்செலவு. கண் சிறுத்துப் பிறந்த மீனுக்கு அங்கே நஷ்டம் ஒன்றுமில்லை, மிச்சம்தான். தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கு ஓடி, கடைசியில் கண் என்ற உறுப்பே தோலுக்குள் மறைந்துபோகிறது. மெக்ஸிகோ குகை மீன்களில் விரிவாக ஆராயப்பட்ட விஷயம் இது.

கோட்டயத்து மீனுக்கு அடுத்த உறவைக் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டு பிடித்தது. 2004ல் திருச்சூர் மாவட்டம் பரப்பூக்கரையிலிருந்து இரண்டாவது இனம். 2012ல் அதே மாவட்டத்து இரிஞ்சாலக்குடாவிலிருந்து மூன்றாவது. அதற்கு வைத்த பெயர் நமக்கு நெருக்கமானது: ஹோராகிளானிஸ் அப்துல்கலாமி. ராமேஸ்வரத்து மனிதரின் பெயரை, பூமிக்கடியில் வாழும் ஒரு குருட்டு மீன் சுமக்கிறது.

பிறகு வந்தது பெரிய வேலை. கொச்சியில் உள்ள கேரள மீன்வள மற்றும் கடல்சார் ஆய்வுகள் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் ராகவன், ரெம்யா சுந்தர், சி.பி.அர்ஜுன் ஆகியோரும், நீலேஷ் தஹானுகர், ஜெர்மனியின் ரால்ஃப் பிரிட்ஸ் ஆகியோரும் சேர்ந்து 6 ஆண்டுகள் இந்த மீன்களைத் தேடினார்கள். பூமிக்குள் இறங்கித் தேட முடியாது. அதனால் மக்களிடம் போனார்கள். ஊர்க்கூட்டம், பயிலரங்கு, சமூக வலைதளம் என்று எல்லா வழியிலும் 'உங்கள் கிணற்றில் இப்படி ஒன்றைப் பார்த்தீர்களா?' என்று கேட்டார்கள். பதில் வந்தது. 47 புதிய இடங்களிலிருந்து பதிவுகள், 65 மரபணு வரிசைகள். 2023ல் வெளியான அந்த ஆய்வு நான்காவது இனம் ஒன்றையும் அறிவித்தது. தகவல் கொடுத்த பொதுமக்களைக் கௌரவிக்க அதற்கு ஹோராகிளானிஸ் பாபுலி என்று பெயரிட்டார்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு சேதியும் உண்டு. வெவ்வேறு ஊர்க் கிணறுகளில் கிடைத்த மீன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி அச்சு அசலாக இருக்கின்றன. மரபணுவைப் பார்த்தால் வெகுகாலமாக ஒட்டும் உறவும் இல்லாமல் பிரிந்து கிடந்திருக்கின்றன. இருட்டு எல்லாவற்றையும் ஒரே உருவத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே ஒரு வட்டாரத்துக் கிணறுகள் கெட்டுப்போனால், 'அதே மீன்தான் அடுத்த ஊரில் இருக்கிறதே' என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது.

வெள்ளம் கொண்டுவந்த விரால்

2018 ஆகஸ்ட். கேரளம் வெள்ளத்தில் தத்தளித்த நேரம். மலப்புறம் மாவட்டம் ஊரகத்தில், நீர் நிறைந்த வயலில் விசித்திரமான மீன் ஒன்று தென்பட்டது. செம்பழுப்பு உடல், நீண்ட துடுப்புகள், மெல்லிய பாம்பு போன்ற நெளிவு. படம் சமூக வலைதளத்தில் ஏறியது. படத்தைப் பார்த்த மீனியலாளர்களுக்கு அது எந்தக் குடும்பம் என்றே பிடிபடவில்லை. 2019ல் அதற்கு எனிக்மாசன்னா கோலும் என்று பெயர் சூட்டினார்கள். டோல்கீனின் நாவலில் பாதாளக் குகையில் ஒளிந்து வாழ்கிற பாத்திரத்தின் பெயர்தான் கோலும்.

சுமார் 9 செ.மீ. நீளமுள்ள இந்த மீன், நாம் குழம்பு வைக்கிற விராலின் பங்காளி. ஆனால் பங்கு பிரிந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. 2020ல் எலும்பையும் மரபணுவையும் அலசிப் பார்த்தபோது, இரண்டு வம்சமும் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்திருக்கலாம் என்று ஒரு கணக்கு சொன்னது. அப்படியானால் டைனோசர்கள் நடமாடிய காலம் அது. இந்தியா இன்னும் ஆசியாவோடு வந்து ஒட்டவில்லை. எனவே இதற்கென்று தனிக் குடும்பமே உருவாக்க வேண்டியதாயிற்று. முதுகெலும்புள்ள விலங்குகளில் புதிதாக ஒரு குடும்பம் கண்டுபிடிக்கப்படுவது, ஆய்வாளர் ஒருவரின் வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தாலே பெரிய விஷயம்.

விராலை அறிந்தவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று புரியும். ஏரி வற்றிச் சேறாகிவிட்ட பிறகும் விரால் உயிரோடு இருக்கும். சந்தைக்கு ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாலும் துள்ளும். செவுளுக்கு மேலே காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தனியறை ஒன்று அதற்கு இருப்பதுதான் காரணம். அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் போவதைக் குளக்கரையில் நின்றால் பார்க்கலாம். பாதாளத்துப் பங்காளிக்கு அந்த அறை கிடையாது. பாறை இடுக்கில் நிறைந்து கிடக்கும் நீரில் காற்றைக் குடிக்க மேலே எங்கே போவது? ஆனால் கண் மட்டும் இதற்கு இன்னும் இருக்கிறது.

அயிரையும் ஆரலும்

கோழிக்கோடு மாவட்டத்தில், ஒரு வீட்டின் 6 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து வந்தது பாஞ்ஜியோ புஜியா. அயிரை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் முதுகுத் துடுப்பும் இல்லை, வயிற்றுத் துடுப்பும் இல்லை. இரண்டரை செ.மீ. நீளத்தில் ஓமப்பொடி மாதிரி இருந்ததால், 2019ல் விவரித்தவர்கள் புஜியா பலகாரத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இதன் உறவு ஒன்று 2020 கடைசியில் ஆலப்புழை மாவட்டம் செங்கன்னூரில் கிடைத்தது. குளிக்கப் பிடித்துவைத்த வாளித் தண்ணீரில் சிவப்பு நூல் மாதிரி ஏதோ நெளிகிறதே என்று வீட்டுக்காரர் உற்றுப் பார்த்திருக்கிறார். புழு என்று நினைத்து வாளியைக் கவிழ்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் கவிழ்க்கவில்லை. பத்திரப்படுத்தி ஆய்வாளர்களுக்குத் தகவல் சொன்னார். 2022ல் அது பாஞ்ஜியோ பாதாளா ஆனது. அடுத்த ஆண்டு ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ அந்த மீனைப் பற்றித் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எழுத, செங்கன்னூர்க் குளியலறை உலகச் செய்தியாகிவிட்டது.

ஆரலுக்கு வருவோம். ஆரல் அடங்கும் மீன் வரிசையிலேயே, செதிலும் துடுப்பும் இல்லாமல் மண்ணுக்குள் புதைந்து வாழும் சேற்று விலாங்குகளும் அடங்குகின்றன. ரத்தச் சிவப்பான இந்திய வகைகளைத் தனியாகப் பிரித்து 2020ல் ரக்தாமிக்திஸ் என்ற பேரினத்தை உருவாக்கினார்கள். இவற்றில் சிலவற்றுக்குக் கண் இல்லை. கோழிக்கோட்டுக் கிணற்றிலிருந்தும் ஓர் இனம் உண்டு. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது மும்பையில் கிடைத்தது. ஜோகேஸ்வரியில் பார்வையற்றோருக்கான பள்ளி வளாகத்தில் 40 அடி ஆழப் பழங்கிணறு ஒன்று இருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடி, ரயில், நெரிசல். அந்தக் கிணற்றில் கண்ணில்லாத ஒரு விலாங்கு வாழ்ந்துகொண்டிருந்தது. ரக்தாமிக்திஸ் மும்பா என்று இப்போது அதற்குப் பெயர்.

ஏன் கேரளத்தில்?

இந்த மீன்கள் கேரளத்தில் குவிந்து கிடப்பதற்கு முதல் காரணம் கல். வீடு கட்ட மலையாளிகள் அறுத்து எடுக்கும் வெட்டுக்கல்லை, நம் பக்கத்துச் செம்புரைக்கல்லை, உடைத்துப் பாருங்கள். உள்ளே கல் முழுக்கக் குழாய் குழாயாகத் துளைகள். மழை அந்தத் துளைகளில் இறங்கித் தேங்குகிறது. துளைகள் ஒன்றோடொன்று இணைந்து, விரல் பருமன் மீன் புகுந்து புறப்படப் போதுமான பாதைகளாகின்றன. மேலிருந்து கசிகிற மக்கும், அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் சிறு பூச்சிகளும் இரை.

இரண்டாவது காரணம் கிணறு. கேரளத்தில் திறந்தவெளிக் கிணறுகள் கடலோரப் பகுதியில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 200, இடைநாட்டில் 150, மலைப்பகுதியில் 70 என்று கணக்கு. ஒவ்வொன்றும் பூமிக்குள் திறந்த ஒரு ஜன்னல். அதிலிருந்து குடிக்கிற குடும்பம் நாள்தோறும் எட்டிப் பார்க்கிறது.

மூன்றாவது காரணம்தான் கேரளத்துக்கு மட்டும் சொந்தமில்லாதது. தேடினார்கள், கிடைத்தது. மும்பை செம்புரைக்கல் நாடல்ல, எரிமலைப் பாறை ஊர். மேகாலயாவின் ஜைந்தியா மலையில், உம் லடாவ் குகையிலிருந்து 2023ல் விவரிக்கப்பட்ட நியோலிசோகிலஸ் பினார் வாழ்வது சுண்ணாம்புப் பாறையில். 40 செ.மீ.க்கு மேல் வளரும் அந்த மீன்தான் நிலத்தடி மீன்களிலேயே உலகில் மிகப் பெரியது. ஆந்திரத்தில் ஆச்சாரிய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தின் ஒய்.ரங்கா ரெட்டி, மீனைவிட மிகச் சிறிய ஓட்டுடலிகளைக் கிணறு, ஆற்று மணல், குகை என்று பல ஆண்டுகள் தேடி, நிலத்தடி நீரில் மட்டுமே வாழும் இனங்களை வரிசையாக விவரித்திருக்கிறார். கண்ணும் நிறமும் இல்லாத உயிர்கள் கிழக்குக் கரையின் பூமிக்கடியிலும் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

நம் காலடியில்

விழுப்புரம் மாவட்டத்தின் பூமி இரண்டு விதம். மேற்கே செஞ்சிக் கோட்டை நிற்கும் பக்கமும், விழுப்புரம், திண்டிவனத்தின் பெரும்பகுதியும் கடினப் பாறை. கருங்கல்லுக்குள் தண்ணீர் நிற்க இடமில்லை. மேலே மக்கிய பாறையிலும், கீழே விரிசல்களிலும்தான் நீர். கிணறு வெட்டுகிறவர்கள் ஊற்றுக்கண் என்று தேடுவது அந்த விரிசலின் வாயைத்தான். கிணறு வற்றினால் பக்கவாட்டில் 'சைடு போர்' போட்டு அடுத்த விரிசலைப் பிடிப்பார்கள்.

கிழக்கே வானூர்ப் பக்கம் வேறு கதை. அங்கே கடலும் ஆறும் படியவைத்த மணற்பாறை, களிமண் அடுக்குகள். திருவக்கரையில் சங்கராபரணிக் கரையோரம் கிடக்கும் கல்மரங்கள், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் படிவில் புதைந்த காட்டின் மிச்சம். அதன் மேல் செம்மண் மேடுகள், ஆங்காங்கே செம்புரைக்கல். மணற்பாறையில் தண்ணீர் தாராளமாக நிற்கும். ஆனால் மணலுக்கும் மணலுக்கும் நடுவே உள்ள சந்து, ஓட்டுடலிக்குப் போதுமே தவிர மீனுக்குப் பொதுவாகப் போதாது. மீன் வாழ வேண்டுமானால் விரிசலோ துளையோ வேண்டும்.

ஆக, கேரளத்தைப் போல இங்கே மீன் கொட்டிக் கிடக்கும் என்று சொல்ல முகாந்திரம் இல்லை. அதே நேரத்தில், பாறை விரிசலும் செம்புரைக்கல்லும் இருக்கிற மாவட்டத்தில் நிலத்தடி நீரை வெறும் தண்ணீர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளவும் முகாந்திரம் இல்லை.

ஃபெஞ்சல் புயலை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. தென்பெண்ணை கரை மீறியது. பூமி குடித்தது போக மிச்சமெல்லாம் கிணற்றின் வாய்வரை தளும்பி வயலுக்கு வந்தது. கோலும் மீனை மலப்புறத்து வயலுக்குக் கொண்டுவந்ததும் அப்படியொரு வெள்ளம்தான். ஆனால் இங்கே வீடும் மாடும் பறிபோன நேரத்தில் வயலில் என்ன நெளிகிறது என்று பார்க்கும் நிலையில் யாரும் இல்லை. பார்த்திருந்தாலும், யாரிடம் காட்டுவது என்று தெரிந்திருக்காது.

ஆயிரம் அடிக்குக் கீழே

நன்னீர் மீன் எவ்வளவு ஆழம்வரை வாழும்? அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகருக்கு அடியில், எட்வர்ட்ஸ் நீர்ப்படுகையில் இரண்டு குருட்டுக் கெளுத்தி இனங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பல்லே இல்லை. 1919ல் விவரித்தார்கள். இன்னொன்று அகன்ற வாயோடு வேட்டையாடும். 1947ல் விவரித்தபோது அதற்கு வைத்த பேரினப் பெயர் சாத்தான். தரைக்குக் கீழே சுமார் 300 முதல் 600 மீட்டர்வரை இறங்கும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து மட்டுமே இவை வெளியே வந்திருக்கின்றன. அதாவது 1,000 முதல் 2,000 அடி. தானாகப் பீய்ச்சி அடிக்கும் கிணறுகள் என்பதால் நீரோடு மீனும் முழுசாக மேலே வந்தது. 2023ல் இரண்டையும் அழிவின் விளிம்பில் உள்ளவையாகப் பட்டியலிட அமெரிக்க அரசு முன்மொழிந்தது.

ஆயிரம் அடி என்பது நமக்குப் பழகிய கணக்கு. மல்லாட்டைக்கும் கரும்புக்கும் தர்பூசணிக்கும் தண்ணீர் தேடி போர் வண்டிகள் இரவு பகலாக ஓடுகிற வட்டாரம் இது. ஆனால் நம் போர்களில் மீன் வந்தாலும் தெரியாது. ஆறரை அங்குலத் துளைக்குள் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டார், அகப்பட்டதை அரைத்துத் தள்ளிவிடும். திறந்த கிணறாக இருந்தால் மட்டுமே மனிதக் கண்ணுக்கு வேலை உண்டு. அந்தத் திறந்த கிணறுகளின் கதிதான் கவலை தருகிறது. ஏற்றமும் கவலையும் இறைத்த கிணறு பம்புசெட்டுக்கு மாறியது. பம்புசெட்டு போருக்கு மாறியது. இப்போது கிணறு குப்பைக் குழி, அல்லது வேலிக்காத்தான் மூடிய பள்ளம். ஊருக்குள் இருந்தால் மண் போட்டு மூடி, மேலே கொட்டகை.

கணக்கில் வராத குடியிருப்பு

ராகவன், பிரிட்ஸ், தஹானுகர் மூவரும் 2021ல் எழுதிய கட்டுரை ஒன்றில் வைத்த வாதம் எளிமையானது. இந்தியாவில் நிலத்தடி நீரை நிர்வகிக்கும் சட்டமோ திட்டமோ எதுவும், அதற்குள் உயிர்கள் வாழ்கின்றன என்பதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நீர்மட்டம் இறங்கினால் மோட்டாரைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். பாறையின் மேலடுக்குத் துளைகளில் வாழும் மீன் எங்கே இறங்கும்? கேரளத்தில் செம்புரைக்கல் குவாரிகள் அதன் வீட்டையே அறுத்து லாரியில் ஏற்றுகின்றன. கழிவுநீர் இறங்குகிறது. வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போடுவது மனிதர்களுக்கு அவசியம். மீனுக்கு அதுவே விஷம்.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைப் பகுதி வாரியாக அளக்கிறார்கள். எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு உறிஞ்சுகிறோம் என்று கணக்கிட்டு, பாதுகாப்பானது முதல் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டதுவரை வகை பிரிக்கிறார்கள். அளவு தெரிகிறது. தடுக்கச் சட்டம்? 2003ல் இயற்றிய நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம், நடைமுறைக்கே வராமல் 2013ல் ரத்து செய்யப்பட்டது. மரக்காணம் கடலோரத்தில் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது என்ற புகார் பழசாகிவிட்டது. மனிதனின் குடிநீருக்கே இந்த நிலை என்றால், மீனுக்காக யார் வரிந்துகட்டப் போகிறார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டும் வேறு வேறு பிரச்சினை அல்ல. பாறைக்குள் மீன் உயிரோடு இருக்கிறது என்றால், அந்த நீரில் ஆக்சிஜன் இருக்கிறது, மீனைக் கொல்லும் அளவுக்கு விஷம் இல்லை, கோடையிலும் முழுசாக வற்றவில்லை என்று பொருள். எந்த ஆய்வகச் சான்றிதழும் ஆண்டு முழுக்கத் தர முடியாத உத்தரவாதம் அது.

உங்கள் கிணற்றில் பார்த்தால்

சித்திரை, வைகாசியில் கிணறு தூர் வாருவதுதான் நல்ல சமயம். நீர் இறங்கியிருக்கும், ஊற்றுக்கண் வெளியே தெரியும். கடைசியில் அள்ளுகிற சேற்றை அப்படியே வரப்பில் கொட்டாமல், கொஞ்சத்தை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பேசினில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிடுங்கள். வெள்ளைத் தரையில் சிவப்பாகவோ வெளுப்பாகவோ ஏதாவது அசைந்தால் பளிச்சென்று தெரியும்.

பெரும்பாலும் அகப்படுவது குட்டிக் கெளுத்தியாகவோ, எவரோ விட்ட ஜிலேபிக் கெண்டையாகவோ, கொசுப்புழுவுக்காகச் சுகாதாரத் துறை விட்ட சின்ன மீனாகவோதான் இருக்கும். கண் இருக்கிறதா, உடம்பில் நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் விஷயம் வேறு. குழாய்த் தண்ணீரில் போடாதீர்கள். அதே கிணற்று நீரில், நிழலில், மூடிய பாத்திரத்தில் வையுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். கிணற்றின் ஆழம், நீர்மட்டம், தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். படத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ, சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்துக்கோ அனுப்பலாம். கோட்டயத்து மீனை உலகுக்குச் சொன்ன மேனன் அதே நிறுவனத்துக்காரர்தான்.

இதைப் பள்ளிகள் எடுத்துச் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஒரு ஊராட்சியில் எத்தனை திறந்த கிணறுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, எவை மூடப்பட்டன, எதில் என்ன மீன் வாழ்கிறது என்று மாணவர்களே ஒரு கோடை விடுமுறையில் பட்டியல் எடுத்துவிட முடியும். கேரள ஆய்வாளர்களின் 47 இடங்களும் இப்படி மக்கள் தந்த பட்டியல்தான். பாதாள மீன் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். அப்படியே ஆனாலும், எந்தக் கிணறு சுத்தமாக இருக்கிறது, எது சாக்கடையாகிவிட்டது, எதைத் தூர் வாரினால் ஊருக்கு உதவும் என்ற விவரம் ஊராட்சியின் கையில் இருக்கும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் போட அது போதும்.